ஒரு காய்ச்சல், இரண்டு நாள் காத்திருப்பு: எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளிடம் கிருமியைக் கண்டுபிடிப்பது ஏன் தாமதமாகிறது?

“இரண்டு நாளாக வார்டில் வைத்திருக்கிறார்கள். என்ன கிருமி என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை என்கிறார்கள். மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.”

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்த பிறகு, உறவினர் வட்டாரத்தில் எழும் வழக்கமான புலம்பல் இது. சில வீடுகளில் புலம்பலோடு முடிவதில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும், “சோதனையில் ஒன்றுமே இல்லையாம், பிறகு எதற்கு இங்கே?” என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து எவ்வளவு ஆபத்தானது என்பதை வார்டில் யாராவது ஒருவர் தமிழில் உட்கார்ந்து விளக்கியிருந்தால் பாதிப் பேர் போட்டிருக்க மாட்டார்கள்.

தாமதம் உண்மைதான். ஆனால், அது எங்கே நேர்கிறது என்பதில்தான் பலருக்கும் தெளிவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஆகும் இரண்டு நாளைக் குறைப்பது கடினம். அதற்கு முன்பு, வீட்டிலும் கிளினிக்கிலும் வழியிலும் கழியும் நேரத்தைக் குறைக்க முடியும். பிள்ளையின் உயிர் பெரும்பாலும் அந்த முதல் பகுதியில்தான் ஊசலாடுகிறது.

எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள் என்றால் யார்? கீமோ சிகிச்சை பெறும் பிள்ளைகள் முதலில் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் மட்டுமல்ல. சிறுநீரில் புரதம் வெளியேறி முகமும் காலும் வீங்கும் நெஃப்ராட்டிக் நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைகள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளைகள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியில் குறை உள்ளவர்கள் என்று பட்டியல் நீளும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததாக 2018-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்திடமிருந்து மலேசியா சான்றிதழ் பெற்றது. ஆகவே, அந்த வழியில் பாதிக்கப்படும் பிள்ளைகள் இன்று மிகக் குறைவு.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. நோயின் அடையாளங்களை உண்டாக்குவதே உடலின் எதிர்ப்புச் சக்திதான். புண்ணில் சீழ் பிடிப்பது, தொண்டை சிவப்பது, எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளையாகத் தெரிவது எல்லாமே வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு சண்டையிடுவதன் விளைவு. சண்டையிட ஆளே இல்லாத உடலில் சீழும் இல்லை, சிவப்பும் இல்லை. கிருமி இரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும்போதும் பிள்ளை சற்றுச் சோர்வாக மட்டும் தெரியலாம். மருத்துவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே தடயம் காய்ச்சல். பெரிய அளவில் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அந்தத் தடயமும் மங்கிப்போகும். வயிற்றுக்குள் கிருமி பரவியிருந்தாலும் வயிறு கல்லாக இறுகாமல் இருக்கலாம்.

கீமோ கொடுத்து ஒன்று, இரண்டு வாரங்களில் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் வெகுவாக இறங்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்கும் கீழே போனால் அபாயக் கட்டம். அந்த நேரத்தில் உடல் வெப்பம் ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அதை அவசர நிலையாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் இலக்கு. கிருமியின் பெயர் தெரிவதற்கு முன்பே சிகிச்சை தொடங்குவது அதனால்தான். அதை அலட்சியம் என்றோ, “சும்மா மருந்து ஏற்றுகிறார்கள்” என்றோ எடுத்துக்கொள்வது தவறு.

போத்தலுக்குள் நடப்பது

மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன்பு இரத்தம் எடுத்து, கிருமி வளரத் தேவையான சத்துக் கலவை நிரப்பிய சிறு போத்தலில் விடுகிறார்கள். இதுதான் கல்ச்சர் பரிசோதனை. போத்தல் உடல் வெப்பத்தில் உள்ள ஓர் இயந்திரத்துக்குள் போகிறது. கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவரும். இயந்திரம் அதை உணர்ந்து மணி அடிக்கும். கிருமி வளரும் போத்தல்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு நாள்களுக்குள் மணி அடித்துவிடும். எதுவும் வளரவில்லை என்று முடிவாகச் சொல்வதற்குப் பொதுவாக ஐந்து நாள் காத்திருக்கிறார்கள்.

மணி அடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு துளி எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால் கிருமி எந்த வகைக் குடும்பம் என்பது சிறிது நேரத்தில் தெரியும். சரியான பெயரும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியலும் தெரிய அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ ஆகும். புதிய மூலக்கூற்றுப் பரிசோதனைகள் சில மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிடும். ஆனால், அவை தங்கள் பட்டியலில் உள்ள கிருமிகளை மட்டுமே அடையாளம் காணும். செலவும் அதிகம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு தடை இரத்தத்தின் அளவு. பெரியவர்களிடம் ஒரு போத்தலுக்கு எட்டு, பத்து மில்லிலிட்டர் எடுக்கலாம். கைக்குழந்தையிடம் ஒரு மில்லிலிட்டர் எடுப்பதே பெரும்பாடு. அந்தச் சிறு துளியில் கிருமி அகப்படாமலும் போகலாம். கீமோ பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவற்றில் கல்ச்சரில் எதுவுமே வளர்வதில்லை. காரணம் வைரஸாக இருக்கலாம்; கிருமி இரத்தத்தில் இல்லாமல் குடலிலோ நுரையீரலிலோ இருக்கலாம்; மருந்து முந்திக்கொண்டிருக்கலாம். “ஒன்றும் வளரவில்லை” என்றால் “ஒன்றும் இல்லை” என்று பொருளல்ல. கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. தோலில் சாதாரணமாக வாழும் கிருமி ஊசியோடு போத்தலுக்குள் போய் வளர்ந்துவிடும். சாதாரணப் பிள்ளையென்றால் அதை ஒதுக்கிவிடலாம். நெஞ்சில் கீமோ போர்ட் பொருத்திய பிள்ளைக்கு அதே தோல் கிருமி அந்தக் குழாயில் குடியேறி உண்மையான நோயை உண்டாக்கியிருக்கலாம். அதனால்தான் சில வேளைகளில் போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுக்கிறார்கள். போர்ட்டில் எடுத்த போத்தல் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி மணி அடித்தால், குழாயில்தான் கிருமி இருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயம். “ஒரே பிள்ளைக்கு எத்தனை தடவை குத்துவீர்கள்?” என்று தாதியரிடம் சண்டை பிடிக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் காரணத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரத்தம் எடுப்பதற்கு முன்பே

அடுக்குமாடி வீடோ, செம்பனைத் தோட்டத்து வீடோ, நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அப்பா இரவு ஷிப்டில் இருக்கிறார். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். கொதிக்கிறது. வீட்டில் வெப்பமானி இல்லை. பெனடோல் கொடுக்கிறார். அரை மணி நேரத்தில் வியர்த்து, பிள்ளை எழுந்து விளையாடுகிறது. விடியட்டும் என்று தூங்கப் போகிறார்கள். பெனடோல் காய்ச்சலை இறக்கும், கிருமியைத் தொடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு இருக்கும் ஒரே தடயத்தையும் அது துடைத்துவிடுகிறது. அளந்து பார்த்து, எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டு, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்வதே முறை. மலவாயில் வெப்பமானி வைப்பதும், அங்கே மாத்திரை செருகுவதும் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. சிறு கீறல் போதும், குடல் கிருமி இரத்தத்துக்குள் நுழைந்துவிடும்.

மறுநாள் காலை பக்கத்துக் கிளினிக். தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் கொடுத்துவிடுகிறார். பிள்ளைக்கு நடக்கும் சிகிச்சையைப் பற்றி யாரும் வாய் திறக்காவிட்டால், அவருக்கு அது இன்னொரு சளிக் காய்ச்சல். ஓர் ஆன்டிபயாட்டிக் சிரப்போடு அனுப்பிவிடுவார். இரண்டு வேளை அதைக் கொடுத்த பிறகு பிள்ளை பெரிய மருத்துவமனைக்குப் போனால், எடுக்கும் இரத்தத்தில் கிருமி வளராமல் போகும் வாய்ப்பு அதிகம். கிருமி செத்துவிட்டது என்பதல்ல, போத்தலில் வளர முடியாத அளவுக்கு முடங்கியிருக்கிறது. அதன் பெயரும் தெரியாமல், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியாமல் மருத்துவர்கள் இருட்டில் அம்பு விட வேண்டிவரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லி, அந்தச் சிரப் போத்தலையே கையோடு கொண்டு போவது நல்லது.

இந்நாட்டில் காய்ச்சல் என்றதும் முதலில் டிங்கிப் பரிசோதனைதான். அது தேவைதான். ஆனால், டிங்கியில் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் இறங்கும். கீமோ பெறும் பிள்ளைக்கு அவை இரண்டும் ஏற்கெனவே இறங்கித்தான் இருக்கும். எண்களை மட்டும் பார்த்து இது டிங்கியாக இருக்கலாம் என்று நாள் கடத்துவதற்கு இடமிருக்கிறது. டிங்கி உறுதியாகவே இருந்தாலும் கூடவே பாக்டீரியா இல்லை என்று அது நிரூபிப்பதில்லை.

இன்னொன்று, பேசக் கூச்சப்படும் விஷயம். உடம்பில் கொப்புளம் கண்டால் “அம்மை போட்டிருக்கிறது” என்று வேப்பிலை வைத்து, வெளியே கொண்டு போகாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குச் சூடோமோனாஸ் என்னும் கிருமி இரத்தத்தில் கலந்தால், தோலில் சிவந்த வளையமும் நடுவில் கறுத்த புண்ணுமாகத் தோன்றக்கூடும். பார்ப்பவர்கள் அதை அம்மை என்றோ பூச்சிக்கடி என்றோ நினைத்துவிடலாம். உண்மையிலேயே சின்னம்மையாக இருந்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு அது உயிராபத்துதான். வேப்பிலையை மருத்துவமனைக்குக் கொண்டு போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதுதான் தவறு.

கோலாலம்பூரில் பெயர் பெற்ற கிருமி

மழைக்காலம் வந்தால் இந்தக் கதையில் இன்னொரு கிருமியும் சேர்ந்துகொள்கிறது. மெலியோய்டோசிஸ் என்ற நோயைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அதன் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1911-ஆம் ஆண்டு ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்ற மருத்துவரும், அவருடன் பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதலில் கண்டறிந்தார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921-ஆம் ஆண்டு இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். மலாயா மண்ணில் பெயர் பெற்ற நோய், நூறு ஆண்டு கடந்தும் மலேசியாவில் தவறவிடப்படுகிறது.

இந்தக் கிருமி மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள கீறல் வழியாகவோ, நீரை விழுங்குவதாலோ, மழைக்காற்றில் கலந்த தூசியைச் சுவாசிப்பதாலோ உடலுக்குள் போகும். 2010-ஆம் ஆண்டு பகாங், மாரானில் உள்ள லூபுக் யூ ஆற்றில் மூழ்கியவரைத் தேடிய மீட்புப் பணிக்குப் பிறகு, அதில் கலந்துகொண்டவர்களிடையே இந்த நோயும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் பரவி உயிர்கள் போயின. அவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் விஷயத்தில் வழிகாட்டுவது சபாவின் அனுபவம். கோத்தா கினபாலுவில் மெலியோய்டோசிஸ் கண்ட பிள்ளைகளைப் பற்றி 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், பத்தில் நான்கு பேர் கடுமையான தலசீமியா உள்ளவர்கள். அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் தேங்கும் இரும்புச்சத்து கிருமிக்கு வசதியாகிவிடுகிறது. இரும்பை வெளியேற்றும் மருந்து முறையாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, அங்கே தலசீமியா பிள்ளைகளிடம் இந்த நோய் புதிதாகக் காணப்படவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. தினமும் அந்த மருந்தைச் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையோடு போராடும் பெற்றோர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடிப்பதில் இரண்டு தடைகள். ஒன்று, வளர நேரம் எடுக்கும். வளர்ந்தாலும் சில தானியங்கி இயந்திரங்கள் அதை வேறொரு கிருமியாக அடையாளம் காட்டிவிடும். மற்றொன்று, இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இங்கே அதிகம் உதவாது. மண்ணில் கிருமி உள்ள நாட்டில் நோயில்லாதவர்களுக்கும் அது காட்டும். எதிர்ப்பொருளை உண்டாக்கும் சக்தியே இல்லாத பிள்ளைக்கு நோய் இருந்தும் காட்டாது. காசநோய்க்குக் கையில் குத்திப் பார்க்கும் மாண்டு சோதனையும் இதே காரணத்தால் இப்பிள்ளைகளிடம் ஏமாற்றிவிடும். சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடுவதில்லை. சரவாக்கில் காணப்படும் கிருமிகளில் பெரும்பாலானவை மட்டும் விதிவிலக்கு. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

ஆகவே, வீட்டில் வெள்ளம் புகுந்தது, பிள்ளை சேற்றில் பந்து விளையாடியது, கால்வாயில் இறங்கியது போன்ற சின்னச் செய்திகள் மருத்துவருக்குப் பெரிய தடயங்கள். அவர் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு எழுதி அனுப்பினால், அங்கே இந்தக் கிருமியைத் தேடும் கண்ணோடு பார்ப்பார்கள். “எங்கே போயிருந்தீர்கள்?” என்ற கேள்விக்கு, திட்டு வாங்குவோமோ என்று பயந்து “எங்கேயும் போகவில்லை” என்று சொல்வது சோதனையைத் திசை திருப்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத குறை

இதுவரை சொன்னவை பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று ஏற்கெனவே தெரிந்த வீடுகளுக்கு. தெரியாத வீடுகளும் உண்டு. பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு அடிக்கடி நிமோனியா, ஆறாத சீழ்க்கட்டி, எடை ஏறாமை என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு முறையும் வேறொரு கிளினிக், வேறொரு மருத்துவர். யாரும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மலேசியாவில் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசியும் சில வேளைகளில் முதல் தடயமாகிறது. அக்குளில் சிறு நெறி கட்டுவது பல குழந்தைகளுக்கு வந்து தானாகவே அடங்கிவிடும். ஆனால், அது பெருத்துச் சீழ் வழிந்து, குழந்தையும் தேறாமல் இருந்தால் எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்க வேண்டும். இதைக் காரணம் காட்டி ஊசியே வேண்டாம் என்று முடிவெடுப்பது பெரும் தவறு. பிள்ளைகளைக் கொடிய காசநோயிலிருந்து காப்பது அந்த ஊசிதான்.

அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணந்த குடும்பங்களில் இத்தகைய பிறவிக் குறைகள் சில கூடுதலாகத் தோன்றும் வாய்ப்பு உண்டு. வேறு சில, தாய்வழியாக வந்து ஆண் பிள்ளைகளை மட்டும் தாக்குபவை. “முன்பு பிறந்த பையனும் ஒரு வயதுக்குள் காய்ச்சலில் போய்விட்டான்” என்ற செய்தி எவ்வளவு வேதனையானதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லப்பட வேண்டியது. பல வீடுகளில் அது மாமியார் மருமகள் சண்டையில் மட்டும்தான் பேசப்படுகிறது.

அமைப்பின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. குழந்தைப் புற்றுநோய் சிகிச்சை சில பெரிய நகர மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. காய்ச்சலோ நள்ளிரவில், தோட்டத்தில் வருகிறது. எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் நுண்ணுயிரியல் நிபுணர் கிடையாது. போத்தல் வேறு ஊருக்கு அனுப்பப்பட்டால், இயந்திரத்துக்குள் போகும் வரை ஆகும் நேரமெல்லாம் விடையையும் தள்ளிப்போடும். இரத்தப் புற்றுநோய் பிள்ளைகளுக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் 2003-ஆம் ஆண்டு முதல் ‘மா-ஸ்போர்’ என்ற கூட்டுச் சிகிச்சைத் திட்டத்தை நடத்தி நல்ல பலன் கண்டிருக்கின்றன. புற்றுநோயை வெல்லும் அளவுக்கு மருத்துவம் வளர வளர, சிகிச்சையின் நடுவே வரும் கிருமித் தொற்று இன்னும் பெரிய எதிரியாகத் தெரிகிறது. தீபாவளிக்கு வார்டில் பரிசுக்கூடை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் அமைப்புகள், இப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு வெப்பமானியும், இரவில் அழைத்தால் வரும் ஒரு வண்டிக்கு ஏற்பாடும், மருத்துவமனை சம்மதத்தோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் கொடுத்தால் செலவு அதைவிட அதிகமாகிவிடாது.

மாவட்ட மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனால் கூட்டத்தோடு வரிசையில் உட்கார வேண்டியதில்லை. “பிள்ளை கீமோவில் இருக்கிறான், 38.5 காய்ச்சல்” என்று முதல் முகப்பிலேயே சொல்லிச் சிகிச்சைக் கைப்புத்தகத்தைக் காட்ட வேண்டும். இந்தப் பிள்ளையைச் சளி, இருமல் நோயாளிகள் நடுவே உட்கார வைப்பதும் கூடாது.

வீடு திரும்பும்போது பல பெற்றோர்கள் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கல்ச்சரில் என்ன வளர்ந்தது, எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது, எதற்குக் கட்டுப்படவில்லை என்ற அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக் கைப்புத்தகத்தில் ஒட்டி வைப்பது நல்லது. ஒருமுறை மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வந்த பிள்ளையின் குடலில் அது நெடுநாள் தங்கியிருக்கக்கூடும். மூன்று மாதம் கழித்து நள்ளிரவில் வேறொரு மருத்துவமனையில், அந்தப் பிள்ளையை முன்பின் பார்த்திராத ஓர் இளம் மருத்துவர் முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் கையில் இருக்கக்கூடிய ஒரே துப்பு அந்தத் தாளாக இருக்கலாம்.